நீங்கபோங்க அண்ணனும் ஆமை வண்டியும்

மின்விசிறி செய்யும் அந்தக் கம்பெனியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், சம்பளம் போடுகிறவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ‘நீங்கபோங்க அண்ணன்’ எங்கே என்று கேட்டுப் பாருங்கள், வாட்ச்மேனிலிருந்து கூட்டிப் பெருக்குகிற அம்மா வரை கையை நீட்டி வழி காட்டுவார்கள். அவர் இழுவை வண்டி ஓட்டுகிறவர். ஸ்டோரில் மோட்டார், இறக்கை, அட்டைப்பெட்டி என்று டிராலிகளில் ஏற்றி, அவற்றைப் பேட்டரி வண்டிக்குப் பின்னால் வரிசையாக மாட்டி, ஷெட்டுக்குள் வேலை நடக்கிற மேஜைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். காலி டிராலிகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். இதற்குள் ஒரு மனிதர் பட்டப்பெயர் சம்பாதிக்க முடியுமா என்றால், சம்பாதித்தார்.

ஷெட்டின் நடுவில் ஒரு கிராஸிங் இருக்கிறது. ஸ்டோரிலிருந்து வரும் பாதையும் பேக்கிங் பகுதிக்குப் போகும் பாதையும் அங்கே வெட்டிக்கொள்ளும். தரையில் மஞ்சள் கோடு, மேலே வளைந்த கண்ணாடி. எதிரே எது வந்தாலும் சரி, மனிதரோ தள்ளுவண்டியோ துடைப்பமோ, அண்ணன் வண்டியை நிறுத்திவிடுவார். நிறுத்தியதோடு விடமாட்டார். வலது கையை நீட்டி, வாத்தை ஓட்டுகிற மாதிரி முன்னும் பின்னும் ஆட்டி, “நீங்க போங்க, நீங்க போங்க” என்பார். எதிரே வருகிறவர் “பரவால்ல, நீங்க போங்கண்ணே” என்றால் போச்சு. அன்றைக்கு அந்த இரண்டு பேரும் அங்கேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

கேட்டால் மரியாதை என்பார். “இத்தன வருஷத்துல என் வண்டில ஒரு கீறல் உண்டா?” என்று மார்தட்டுவார். உண்மை என்னவென்று அவருக்கே தெரியும். பயம். சுத்தமான, கலப்படமில்லாத பயம். பெரிய குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். வீட்டில் குளியலறை ஒன்றே ஒன்று. காலையில் அதன் வாசலில் துண்டோடு நின்றுகொண்டு அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் “நீங்க போங்க” சொல்லிச் சொல்லியே வளர்ந்தார். முந்தினால் குட்டு விழும். பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் குளிக்காமல்தான் போனாராம். இதையும் அவரே சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் சொல்வதற்குள் தானே சொல்லிவிடுவது நல்லது என்பது அவர் கட்சி.

கல்யாணமும் அந்தக் கிராஸிங்கில்தான் முடிவானது. பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், முகம் மறைகிற அளவுக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தாள். இவர் வண்டியை நிறுத்திக் கையை ஆட்டினார். கை போய்ப் பெட்டியில் இடித்தது. அவள் நின்றாள். இவர் மறுபடி ஆட்டினார், மறுபடி இடித்தது. பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: “ஏங்க, முதல்ல கையக் கீழ போடுங்க. அப்பதான் நான் போக முடியும்.” அன்றைக்கு விழுந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஆனால் ஷெட்டுக்குள் இருவரும் புருஷன் பெண்டாட்டி என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியவே தெரியாது. வேலை இடத்தில் இளிக்கக் கூடாது என்பது அந்த அம்மாவின் சட்டம். அண்ணன் பெட்டி கொண்டுவந்து இறக்கினால், “அங்க வைங்க” என்பதோடு சரி, நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். பேச்செல்லாம் ஸ்கூட்டரில்தான். காலையில் வரும்போதும் சாயங்காலம் போகும்போதும் அந்த அம்மா பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவார். வீட்டுக்குப் போனால் அடுப்பு, துணி, அவருடைய தூங்கிவழியும் முகம். அதனால் ஊர்க்கதை, உறவுக்கதை, கோபம், கொஞ்சல், எல்லாவற்றுக்கும் அந்த ஸ்கூட்டர்தான் வீடு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஆமைகள் வந்து சேர்ந்தன. தட்டையாக, முழங்கால் உயரத்தில், டிராலிக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கிக்கொண்டு தானாகவே ஓடுகிற வண்டிகள். டிரைவர் கிடையாது. முன்பக்கம் ஒரு கறுப்புக் கண். எதிரே ஏதாவது வந்தால் நிற்கும். நின்று, ஒரு பெண் குரலில், “தயவுசெய்து வழி விடவும்” என்று சொல்லும். வந்த அன்றே யாரோ ஆமை என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. கூடவே மடிக்கணினியும் கையுமாக ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். நல்ல பெண். எல்லாரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

மேனேஜர் எல்லாரையும் கூட்டிவைத்து விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஆமைகள் ஒழுங்காக ஓடினால் ஷெட்டுக்குள் இழுவை வண்டி வேண்டாம். அதை ஓட்டுகிற இருவரில் ஒருவர் ஆமைகளைப் பார்த்துக்கொள்ள இங்கேயே இருக்கலாம். இன்னொருவர் ஊருக்கு வெளியே, கம்பெனிக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிற பெரிய கோடவுனுக்குப் போக வேண்டும்.

அண்ணனோடு வண்டி ஓட்டுகிற மற்ற டிரைவரின் பெயர் புல்லட். சின்ன வயசு. கிராஸிங் வந்தால் ஹாரனில் கையை வைத்து அழுத்திக்கொண்டே பறப்பான், எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்வார். அவனோடு தன்னை ஒப்பிட்டுப் பார்த்த அண்ணனுக்கு, கோடவுனுக்குப் போகப்போவது தான்தான் என்று பட்டுவிட்டது. கோடவுனுக்குப் போனால் ஸ்கூட்டர் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். அப்புறம் எங்கே பேசுவது? எப்போது பேசுவது? ‘மேனேஜர் கண்ணில் நல்ல பேர் எடுத்தாகணும். அந்த ஆமைகளோட ஒத்துப்போறவன் நான்தான்னு காட்டணும்’ என்று முடிவு கட்டினார். முடிவெல்லாம் நன்றாகத்தான் கட்டுவார்.

வெள்ளோட்டம் நடந்த அன்று மேனேஜரும் இன்ஜினியர் பெண்ணும் ஸ்டோர் பக்கம் நின்றிருந்தார்கள். ஆமை ஒன்று பேக்கிங்குக்கு அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டு கிளம்பியது. அண்ணன் காலி டிராலிகளோடு எதிர்ப்பக்கமிருந்து வந்தார். கிராஸிங்கில் இரண்டும் சந்தித்தன. அண்ணன் நிறுத்தினார். ஆமையும் நின்றது.

அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். பரவாயில்லையே, மரியாதை தெரிந்த மெஷின்! பதில் மரியாதை செய்ய வேண்டாமா? வண்டியை விட்டு இறங்கி, மஞ்சள் கோட்டின் மேல் நின்றுகொண்டு, கையை நீட்டி ஆட்டினார். “நீங்க போங்க.”

“தயவுசெய்து வழி விடவும்” என்றது ஆமை.

“அதத்தானம்மா செய்றேன். நீங்க போங்க.” கை ஆடியது. ஆமை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மெல்ல நகர்ந்தது. நகர்கிறதே என்ற உற்சாகத்தில் கை இன்னும் வேகமாக ஆடியது. ஆமை பொசுக்கென்று நின்றது. “தயவுசெய்து வழி விடவும்.”

பிறந்ததிலிருந்து வழி விடுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத மனிதரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது! அண்ணனுக்குச் சுருக்கென்றது. “என்ன, வழி விடலியா? நானா? இந்த ஷெட்ல யாரை வேணாக் கேளு!” என்று இரண்டு கைகளையும் தூக்கினார். ஆமை நின்றபடி நின்றது. அதன் பின்னால் அடுத்த ஆமை வந்து நின்றது, அதன் பின்னால் இன்னொன்று. இவர் பின்னால் புல்லட் வந்து நின்றான். பேக்கிங்கில் அட்டைப்பெட்டி தீர்ந்து, பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அங்கே பெட்டி இல்லை என்றால் இங்கே மின்விசிறி தேங்கும். ஒவ்வொரு மேஜையாக வேலை நின்றது. கடைசியில் ஷெட்டே அமைதியாகிவிட்டது. கேட்டதெல்லாம் இரண்டு குரல்தான். “நீங்க போங்க!” “தயவுசெய்து வழி விடவும்.”

மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார். “என்ன பண்றீங்க நீங்க?”

அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்த புல்லட் தன் வண்டியின் மேலேயே ஏறி நின்றுவிட்டான். “அண்ணன் வழி விடமாட்டாரு சார்! எங்க பொழப்புல மண்ணப் போட வந்த வண்டிய மறிச்சு நிக்கறாரு! அண்ணே, நீங்கதாண்ணே ஆம்பள!”

ஷெட் முழுக்கக் கைதட்டல். விசில். யாரோ தகர மேஜையைத் தட்டினார்கள். தன் வாழ்நாளில் தனக்காக யாராவது கைதட்டி அண்ணன் கேட்டதே இல்லை. கல்யாணத்தில்கூடத் தட்டியது சமையல்காரருக்குத்தான். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் என்ன ஆனதோ, திறந்த வாயை மூடிக்கொண்டார். நெஞ்சை ஒரு அங்குலம் நிமிர்த்தினார். மகா பாவி, தலையைக்கூட ஆட்டினார்.

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. “சரி. நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வாங்க. வேணும்னே வண்டிய மறிக்கறவங்களுக்கு இங்க இடமில்ல. கோடவுனுக்கு நீங்கதான்.”

அன்று பகல் முழுவதும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கோடவுன் என்ற சொல் உள்ளே எங்கேயோ முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் வருகிறவர் போகிறவரெல்லாம் கையைக் குலுக்கினார்கள். டீ நேரத்தில் இவருக்கு முதல் டம்ளர். வழக்கம்போல் “நீங்க எடுத்துக்குங்க” என்று சொல்லப் போய், வீரர்கள் அப்படியெல்லாம் சொல்லமாட்டார்கள் என்று நினைவு வந்து, வாங்கிக் குடித்தார். சூட்டில் நாக்கு வெந்துவிட்டது. வீரர்கள் அதையும் காட்டிக்கொள்ளக் கூடாதே.

சாயங்காலம் ஸ்கூட்டர் கம்பெனி கேட்டைத் தாண்டியது. பின்னாலிருந்து அந்த அம்மா கேட்டார்.

“மெஷினையே மறிச்சீங்களாமே?”

“ம்.” குரலைக் கனமாக வைத்துக்கொண்டார்.

“கைய ஆட்டினீங்களா?”

இவர் ஆக்ஸிலேட்டரைத் திருகினார்.

“ஆட்டினீங்கதான? ‘நீங்க போங்க’ன்னு அந்த ஆமைகிட்டச் சொன்னீங்கதான?” கேட்டு முடிப்பதற்குள் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்கூட்டர் தள்ளாடியது. ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது. இறங்கி நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அண்ணனுக்கு அவமானமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“இதுல என்ன வீரம் வேண்டிக் கெடக்கு உங்களுக்கு? நாளைக்குப் போய் உண்மையச் சொல்லிடுங்க.”

“எல்லாரும் சிரிப்பாங்கடி. இன்னிக்குத்தான் முதல் தடவையா ஒருத்தன் என்னை ஆம்பளன்னு சொல்லியிருக்கான்.”

அந்த அம்மாவின் முகம் மாறியது. “சிரிக்கட்டுமே. நான் இத்தன வருஷமா சிரிச்சிக்கிட்டுதான இருக்கேன், விட்டுட்டா போயிட்டேன்? நீங்க கோடவுனுக்குப் போயிட்டா நான் யாருகூடப் பேசுவேன்? பஸ்ல கம்பியப் புடிச்சிக்கிட்டுக் கம்பிகிட்டப் பேசவா? எனக்கு நாள் முழுக்க இருக்கறதே இந்த ஸ்கூட்டர் நேரம் ஒண்ணுதாங்க.”

இப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை அந்த அம்மா. அண்ணன் ஹெல்மெட்டைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் மேனேஜர் அறையில் இன்ஜினியர் பெண்ணும் இருந்தாள். ஷெட் கூரையில் இருக்கிற கேமரா எடுத்த படம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லாத படம். அதில் ஒரு மனிதர் வண்டியை விட்டுக் குதிக்கிறார், ஆமையின் முன்னால் போய் நிற்கிறார், இரண்டு கையையும் தூக்கி ஆவேசமாக ஆட்டுகிறார். பார்த்த அண்ணனுக்கே யாரோ பெரிய போராளி என்றுதான் தோன்றியது. இவ்வளவு கம்பீரமான ஆளைக் காட்டிக்கொடுக்க மனசே வரவில்லை. ஸ்கூட்டரை நினைத்துக்கொண்டார்.

“சார், நான் மறிக்கல. வழி விட்டேன்.”

“என்னது?”

“‘நீங்க போங்க’ன்னு சொன்னேன் சார். அது போகல.”

மேனேஜர் பேனாவை மேஜையில் போட்டார். “மெஷினுக்கு ‘நீங்க போங்க’ன்னு மரியாதை குடுத்தீங்க, அத நான் நம்பணும். என்னப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?”

“சத்தியமா சார். என் பழக்கம் அது. ஷெட்ல யாரை வேணாலும் கேளுங்க.”

“யாரையும் கேக்க வேணாம். வாங்க, வந்து செஞ்சு காட்டுங்க.”

இப்படியாக அண்ணனின் மானம் கப்பலேறக் கிராஸிங்குக்குப் புறப்பட்டது. மேனேஜர் முன்னால் நடக்க, இவர் பின்னால் வர, இரண்டாம் நாள் போராட்டம் என்று நினைத்து ஷெட்டே வேலையைப் போட்டுவிட்டுக் கூடியது. புல்லட் கையை உயர்த்தி, “விடாதீங்கண்ணே!” என்று கத்தினான். ஆமை ஒன்று பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தது. அண்ணன் மஞ்சள் கோட்டின் மேல் நின்றார். செத்தாலும் சரி என்று கையை நீட்டினார்.

“நீங்க போங்க.”

ஆமை நின்றது. “தயவுசெய்து வழி விடவும்.”

“நீங்க போங்க.”

“தயவுசெய்து வழி விடவும்.”

யாரோ ஒருவர் முதலில் களுக்கென்றார். பிறகு அது பரவியது. இன்ஜினியர் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு, “அண்ணா, அதோட கண்ணு முன்னால எது அசைஞ்சாலும் நின்னுடும். கையக் கீழ போடுங்க, அது போயிடும்” என்றாள்.

அண்ணன் போட்டார். ஆமை நகர்ந்தது. அது நகர்ந்த மாத்திரத்தில் கை தானாக எழுந்து ஆடியது. ஆமை நின்றது. “கையண்ணா!” போட்டார். நகர்ந்தது. எழுந்தது. நின்றது. கையைச் சட்டைப்பைக்குள் விட்டுப் பார்த்தார்; மற்ற கை எழுந்து ஆடியது. முதுகுக்குப் பின்னால் கட்டிப் பார்த்தார், தலை ஆடியது. ஷெட் விழுந்து விழுந்து சிரித்தது. புல்லட் தலையில் அடித்துக்கொண்டு, “அண்ணே, உங்களுக்குப் போயி ஜே போட்டேனே!” என்றான். அண்ணனின் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. குளியலறை வாசலில் துண்டோடு நின்ற பையன் இத்தனை வயதுக்கு அப்புறமும் அங்கேயேதான் நிற்கிறான் என்று தோன்றியது. மேனேஜர் நம்பினாரோ இல்லையோ, இப்படிப்பட்ட மனிதரை ஆமைகளுக்குப் பக்கத்தில் யார் வைத்துக்கொள்வார்கள்? கோடவுன்தான். முடிந்தது கதை.

அப்போது பேக்கிங் பக்கமிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த அம்மா வந்தார். ஷெட்டுக்குள் புருஷனை நிமிர்ந்துகூடப் பார்க்காத அந்த அம்மா. வேகமாக வந்து, மஞ்சள் கோட்டின் மேல் அவர் பக்கத்தில் நின்று, ஆடுகிற அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக் கீழே இறக்கி, தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். எல்லாருக்கும் முன்னால்.

சிரிப்பு அடங்கிவிட்டது. ஆமை கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அவர்களைத் தாண்டி, பெட்டியைச் சுமந்துகொண்டு, தன் பாட்டுக்குப் பேக்கிங்குக்குப் போயிற்று.

“ஏண்ணே, அக்கா உங்க வீட்டுக்காரம்மாவா?” என்றான் புல்லட், வாயைப் பிளந்துகொண்டு. அவனுக்கு இதுவும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேனேஜருக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இன்ஜினியர் பெண்தான் அவரிடம் பேசினாள். வண்டி இன்னும் நிறையப் பழக வேண்டும், கையை ஆட்டுகிறவர்கள், தயங்குகிறவர்கள் எல்லா இடத்திலும் இருப்பார்கள், தினமும் இந்த அண்ணா முன்னால் நின்றால் தனக்கு வேலை சுலபம் என்றாள். “இவர்கிட்ட பாஸ் ஆயிட்டா அது எங்க வேணாலும் ஓடும் சார்.” கோடவுனில் நீளமான நேர் ரோடு இருக்கிறது, கிராஸிங்கே கிடையாது என்று கேள்விப்பட்டதும் புல்லட் தானாகவே போகிறேன் என்று கையைத் தூக்கிவிட்டான்.

“எல்லாருக்கும் அவங்க தெறமைக்கு வேலை குடுப்பாங்க. எனக்கு என் கோணலுக்குக் குடுத்தாங்க” என்று அண்ணன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். ஆமை ஓடுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை இல்லையாம்; ஆமை தன்னைத் தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் வேலையாம்.

எல்லாருக்கும் முன்னால் கையைப் பிடித்த அன்று சாயங்காலம் நாற்சந்தியில் ஸ்கூட்டர் நின்றது. எதிரே ஒரு லாரி, பக்கத்தில் ஒரு கார், குறுக்கே ஒரு சைக்கிள். அண்ணனின் வலது கை ஹேண்டிலை விட்டு எழுந்து ஆட ஆரம்பித்தது. லாரி போனது, கார் போனது, சைக்கிள் போனது, பின்னால் வந்தவர்களும் திட்டிக்கொண்டே போனார்கள். கை நிற்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடித்து ஹேண்டிலின் மேல் வைத்தது. வைத்த கையை எடுக்கவும் இல்லை.

“எல்லாரும் போயாச்சுங்க,” என்றார் அந்த அம்மா. “இப்ப நாம போவோம்.”